கோதுமைக் குதிரின் சுவரை உடைத்த நாள்

உட்கார்ந்து நிதானமாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு உட்கார வராது. வேலையிலிருந்து விடுபட்டு இத்தனை வருஷமாகியும், வீட்டில் ஒரு நாற்காலியில் முழுசாகச் சாய்ந்திருந்து காப்பி குடித்ததில்லை என்று என் மருமகள் சொல்வாள். மழை இறங்கினால் இன்னும் மோசம். வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். சுவரில் கை வைத்துப் பார்ப்பேன்.

போன மாதம் தானியக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர்கள் வந்து, புதிதாக நிறுத்தியிருக்கும் இரும்புக் குதிர்களைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பொத்தானை அழுத்தினால் தானியம் மேலே ஏறுகிறது. உள்ளே எவ்வளவு சூடு என்று கண்ணாடிப் பெட்டியில் எண் தெரிகிறது. "உங்க காலத்துல எப்படி சார் சூடு பார்த்தீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அதுதான் இது.

என் ஊர் சாத்தூர்ப் பக்கம். மதுரையில் ஓவர்சியர் படிப்பு படித்தேன். சில வருஷம் ரோட்டுப் பாலங்கள் கட்டும் இடத்தில் மேற்பார்வை. அது பிடிக்கவில்லை, ஒரு பாலத்தை முடித்தால் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் ஒரு பெரிய வியாபாரியிடம் சேர்ந்தேன். பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். முதல் நாளே, "தம்பி, எனக்குக் கிட்டங்கி வேணும். சரக்கு உள்ள போனது மாதிரியே வெளிய வரணும். அம்புட்டுத்தான்" என்றார். அந்த 'அம்புட்டு'க்குள் என் ஆயுசில் பாதி போய்விட்டது.

எங்கள் பக்கம் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். மழை பெய்தால் ஊதிக்கொண்டு மேலே வரும். அதன்மேல் சுவர் வைத்தால் சுவரும் சேர்ந்து மூச்சு விடும். ஆகவே கரிசல் முழுவதையும் தோண்டிக் கழித்துச் சரளை தட்டும் வரை போனோம். பள்ளத்தில் மணலும் சரளையும் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து, மேலே கொண்டு வந்தோம். தரைமட்டத்தை லாரியின் பலகை உயரத்துக்குத் தூக்கினேன். மூட்டை சுமப்பவன் குனியவும் கூடாது, ஏறவும் கூடாது. தளத்தில் செங்கல் ஜல்லி, அதன்மேல் தார், அதன்மேல் சிமென்ட். எலி ஏறாதபடி சுவரைச் சுற்றி வெளியே நீட்டிய விளிம்பு. உள்ளே மரச்சட்டம் அடித்து அதன்மேல்தான் மூட்டை. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து போக வழி. அந்த வழியில் நான் நடந்த நடை கொஞ்சமல்ல. மழைக்காலம் முழுக்கப் புதுவிரிசல் தேடுவேன். ஆட்கள் சிரிப்பார்கள்.

அறுபதுகளின் நடுவில் பஞ்சம் வந்தது. அரிசி கண்ணில் படவில்லை. ரேஷன் கடைகளுக்குச் சர்க்காரில் கோதுமை அனுப்பினார்கள். கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கி, ரயிலில் எங்களிடம் வரும். நாங்கள் வைத்திருந்து, உத்தரவு வந்ததும் சுற்று வட்டாரக் கடைகளுக்கு லாரியில் அனுப்ப வேண்டும். கிட்டங்கியில் இடம் பத்தவில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை. இன்னொரு பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை. அவர்கள் நிலம் தர மாட்டார்கள், நமக்கும் அந்தப் பக்கம் நெருங்கப் பயம். "பக்கவாட்டுல வழியில்லைன்னா மேல போவோம்" என்றார் அண்ணாச்சி. கோயம்புத்தூரிலிருந்து தாமோதரன் என்ற இன்ஜினியரை வரவழைத்தார்.

மூட்டையே வேண்டாம், சாக்கைப் பிரித்துக் கொட்டிக் குதிரில் நிரப்பலாம் என்பது அவர் திட்டம். வட்டமாக, மாடி வீட்டைவிட உயரமாக, செங்கல்லில் நான்கு குதிர். நான்கையும் அடுத்தடுத்து ஒட்டினாற்போல். சென்னைக்கு எழுதிய விண்ணப்பத்தில் குமாஸ்தா 'குதிரைக் கட்ட அனுமதி' என்று எழுதிவிட, கொஞ்ச நாள் கடைத்தெருவில் அண்ணாச்சி குதிரை வாங்கப் போகிறார் என்று பேச்சு.

தாமோதரனைப் போல ஒரு மேலதிகாரி எனக்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். கல் சுமக்கும் ஆளையும் 'வாங்க, போங்க' என்பார். ஆனால் விட மாட்டார். ஒரு வரிசை செங்கல் வைத்து முடித்ததும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "ஓவர்சியருங்களே, இந்த வரிசையை எடுத்துட்டு இன்னொருக்கா வச்சுப் பாக்கலாமுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எடுப்போம். வைப்போம். செங்கல்லை முதல் நாளே தொட்டியில் ஊறப் போட வேண்டும். கட்டிய சுவருக்கு ஈரச்சாக்கு உடுத்தி, அது காயவே கூடாது.

"தண்ணி மாதிரி தானியம் நிக்காதுங்க. மண்ணு மாதிரியும் இல்லைங்க. சுவரை வெளிய தள்ளும். கொஞ்சம் அசைஞ்சா இன்னும் தள்ளும்" என்று சொல்லிச் சொல்லி, சுவரைச் சுற்றி இரும்புப் பட்டைகளை வரிசையாக மாட்டச் சொன்னார். பட்டைகளின் மறையாணிகளை முறுக்கும்போது பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். ஒரே மாதிரி ஒலித்தால்தான் நகர்வார்.

அடியில் ஒரு குழி. அதில் கோதுமையைக் கொட்டினால், சுழலும் வாரில் கோத்த வாளிகள் அள்ளி அள்ளி மேலே கொண்டு போய்க் குதிருக்குள் கவிழ்க்கும். வெளியே எடுக்க அடிமட்டத்தில் ஓர் இரும்புக் கதவு. அதைத் தூக்கினால் கோதுமை சரசரவென்று சாக்கில் இறங்கும். வாளிகள் ஓடும்போது தூசி புகை மாதிரி எழும்பும். சுற்றுவட்டாரத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று தாமோதரன் சொன்னபோது, எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாதிப் பேர் வீட்டில் யாராவது பட்டாசிலோ தீப்பெட்டியிலோ வேலை பார்த்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. நனைந்த மூட்டைகளோடு வேகன்கள் வந்து நின்றன. ஈர மூட்டையைத் தனியே பிரித்துக் காயவைக்க வேண்டும் என்றார் தாமோதரன். அண்ணாச்சியின் மச்சினர்தான் எங்களுக்கு மேனேஜர். அவருக்கு எதற்கும் பொறுமை கிடையாது. வேகனைக் காலி செய்யச் சொல்லி ரயில்காரர்கள் விரட்ட, நாங்கள் இருவரும் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழியில் கொட்டச் சொல்லிவிட்டார். மூன்றாம் குதிருக்குள் ஈரமும் காய்ந்ததும் கலந்து போய்விட்டது.

அப்போதுதான் சூடு பார்க்கிற வேலை. நீளமான இரும்புக் கம்பியை மேலிருந்து கோதுமைக்குள் செருகி விட்டுவிடுவோம். காத்திருந்து உருவி, உடனே உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். கம்பியின் எந்தப் பகுதி எவ்வளவு சுடுகிறது என்று கை சொல்லும். ஒரு நாள் கம்பியின் நடுப்பகுதியைப் பிடித்தவன் உதறிவிட்டேன். தாமோதரன் அதை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். புளித்த மாவு வாசம் அடித்தது.

"உள்ள வேகுதுங்க" என்றார்.

அடிக்கதவைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைத்தோம். பாதிக்கு மேல் இறங்கியதும், மேற்பரப்பு இறங்காமல் நின்றுவிட்டது. ஈரத்தில் முளை கட்டி, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, ஓடு மாதிரி இறுகியிருந்தது. அடியில் கோதுமை இறங்கிப் போக, ஓட்டுக்குக் கீழே பொந்து. அந்த ஓட்டை மேலிருந்து உடைத்தாக வேண்டும். தாமோதரன் ஒழுங்கு வகுத்தார். யாரும் ஓட்டின்மேல் கால் வைக்கக் கூடாது. மேல்தளத் துவாரம் வழியாகக் கயிற்றில் பலகை தொங்கும். அதில் உட்கார்ந்து கடப்பாரையால் குத்த வேண்டும். இடுப்பில் தனிக்கயிறு கட்டி, மேலே உத்தரத்தில் முடிய வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை அடிக்கதவைத் தொடக் கூடாது.

மாடசாமி இறங்கினான். முப்பது வயசுக்குள் இருக்கும். எங்கள் சுமையாட்களில் மெலிந்தவன், ஆனால் உறுதியான கை. அவன் பெண்சாதி பேச்சி கீழே கொட்டகையில் கிழிந்த சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். நானும் தாமோதரனும் மேலே துவாரத்தருகே நின்றோம்.

அது தீபாவளி சீசன். லாரியெல்லாம் சிவகாசி லோடுக்குப் போய்விடும். எங்களுக்குக் கிடைப்பதே பெரும்பாடு. அன்றைக்கு எப்படியோ சில லாரிகள் வந்து வரிசையில் நின்றன. டிரைவர்கள் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஏற்றாவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு சிவகாசிக்குப் போய்விடுவோம் என்றார்கள். மச்சினர் நேரே போய் மூன்றாம் குதிரின் அடிக்கதவைத் தூக்கச் சொல்லிவிட்டார்.

முதலில் சத்தம்தான் கேட்டது. கோதுமை இறங்குகிற அந்தச் சரசரப்பு. தாமோதரன் முகம் மாறியது. "யார் திறந்தது?" என்று கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். அதற்குள் ஓடு நடுவில் விண்டு உள்ளே விழுந்தது. பலகை சரிந்தது. சுற்றியிருந்த கோதுமை அவன்மேல் பொலபொலவென்று சரிந்து வந்தது. நான் ஏணியில் பாதி இறங்கி, அடைக்கச் சொல்லி அலறினேன். கதவை அடைத்தார்கள். மேலே ஏறிப் பார்த்தபோது மாடசாமி கழுத்துவரை கோதுமைக்குள் இருந்தான். கயிறு விறைத்து நின்றது.

நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தம் இல்லை.

"இழுக்காதீங்க!" தாமோதரன் எங்கள் கையைத் தட்டிவிட்டார். "இடுப்பு போயிருமுங்க. தானியம் கெட்டியாப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் இன்னும் இறுக்கும்."

"அடிக்கதவைத் திறந்து எல்லாத்தையும் இறக்கிட்டா?" என்றேன்.

"திறந்தா அவரையும் சேத்துக் கீழ உறிஞ்சும். பக்கத்துல இருந்து வடிக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல."

பக்கத்திலிருந்து என்றால் சுவரை உடைக்க வேண்டும். உள்ளே தானியம் தள்ளிக்கொண்டிருக்கிற சுவர். நான் வரிசை வரிசையாக எடுத்து, மறுபடி வைத்த சுவர். எந்தப் பட்டை எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பட்டை அறுந்தால் குதிர் வாய் பிளக்கும். ஒரு பக்கம் மட்டும் வடிந்தாலும் சாயும். சாய்ந்தால் அடுத்த குதிர்மேல்தான் விழும்.

நாங்கள் கீழே இறங்குவதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து, சேற்றில் இழுபட நின்றார். மச்சினர் அவர் காதில் ஏதோ சொன்னார். சர்க்கார் கோதுமை, சிந்தினால் பதில் சொல்லணும் என்கிற பேச்சு எனக்கும் கேட்டது. அண்ணாச்சி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"உடைச்சா நிக்குமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"இன்ஜினியர், நீங்க சொல்லுங்க."

"எனக்கும் தெரியாதுங்க. ஆனா உடைக்கணும்."

"அப்பம் என்னத்துக்கு நின்னுக்கிட்டு இருக்கீக?" என்றார்.

மூட்டைகளை அடுக்கி அதன்மேல் ஏறினேன். இரண்டு பட்டைகளுக்கு நடுவே சுண்ணாம்பால் கோடு போட்டேன். தாமோதரன் மறுபக்கம் போனார். தூசியில் பொறி விழக் கூடாது. சுவரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும் என்றார். ஊற்றினார்கள். உளியை வைத்துச் சம்மட்டியால் போட்டேன். குதிர் நடுவில் இருப்பதால் அவர் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

"ஒரு கல் வந்துதுங்களா?"

"வந்துருச்சு சார்!"

"நில்லுங்க. எனக்கு இன்னும் வரலை."

நிற்பதுதான் கொடுமை. கையில் சம்மட்டியோடு, உள்ளே ஒருவன் மூச்சுக்குத் திணறும்போது, அடிக்காமல் நிற்க வேண்டும். சுவரில் காதை வைத்தேன். உள்ளே கரகரவென்று ஏதோ நகர்ந்தது. அது கோதுமையா, என் பல்லா என்று தெரியவில்லை.

"இப்ப அடிங்க!"

கடைசிக் கல் உள்ளிருந்து தானாகத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. அதன் பின்னால் கோதுமை என் கைமேல் கொட்டியது. வெதுவெதுவென்று, புளிப்பு நாற்றத்தோடு.

"வருதுங்களா?"

"வருது சார்! அங்கன?"

"வருதுங்க!"

ஆனால் கொஞ்ச நேரத்தில் வெளியே குவிந்த கோதுமையே துவாரத்தை அடைத்துவிட்டது. அள்ளி அகற்ற ஆள் போதவில்லை. அப்போது வேலிப் பக்கம் சலசலப்பு. தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு, வேலியைப் பிரித்துக்கொண்டு கூடையும் முறமுமாக வந்துவிட்டார்கள். ஒருத்தியும் எதுவும் கேட்கவில்லை. அள்ளினார்கள், ஓடினார்கள், கொட்டினார்கள், திரும்பி வந்தார்கள். ரேஷன் கடை வாசலில் விடிந்ததிலிருந்து நின்றும் வெறும் பையோடு திரும்பியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். கணுக்கால்வரை கோதுமைக்குள் நின்று அதை மண்போல அள்ளிக் கொட்டினார்கள்.

பேச்சி எப்போது ஏணியில் ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. மேல்தளத் துவாரத்தில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தாள். கையில் கோணி ஊசி அப்படியே இருந்தது. அவள் குரல்தான் எங்களுக்கு அளவு.

"கழுத்து தெரியுதுய்யா! இன்னும் எடுங்க!" என்று எங்களுக்குச் சொல்வாள். பிறகு உள்ளே பார்த்து, "இந்தா பாருங்க, என்னையப் பாருங்க. கண்ணை மூடாதீக. காலையில எங்கிட்ட சண்டை போட்டீகள்ல, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. கேட்டுட்டுப் போங்க" என்பாள்.

ஒரு தரம் அவள் குரல் நின்றுபோனது. வேலை செய்த எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.

"கண்ணை மூடிட்டாக" என்றாள்.

அந்த நேரத்தில்தான் சுவர் முனகியது. எனக்கு மேலே இருந்த பட்டை 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சிதறினார்கள். தாமோதரன் அந்தப் பக்கத்திலிருந்து, பழைய அமைதியான குரலில், "ஓவர்சியருங்களே, ஓட வேண்டாம். பட்டையில கை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. அறவில்லை. "இருக்கு சார்" என்றேன். "அப்ப அள்ளச் சொல்லுங்க" என்றார். முதலில் திரும்பி வந்தவள் ஒரு தீப்பெட்டிக்காரி. மற்றவர்கள் அவள் பின்னால் வந்தார்கள்.

"நெஞ்சு தெரியுது!" பேச்சி கத்தினாள். "மூச்சு வாங்குதாகய்யா!"

இடுப்பு தெரிந்ததும் தாமோதரனே கயிறு கட்டிக்கொண்டு பலகைகளோடு இறங்கினார். மாடசாமியைச் சுற்றிப் பலகைகளைச் செருகி, கோதுமை மறுபடி சரியாமல் தடுத்து, உள்ளிருந்ததைக் கையால் அள்ளி வெளியே போட்டார். பிறகுதான் இழுக்கச் சொன்னார். மாடசாமி வெளியே வந்தபோது உதடு கறுத்திருந்தது. காதிலும் மூக்கிலும் கோதுமை. பேச்சி அவனைக் கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. மூக்கிலிருந்த மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

அவனை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, மச்சினருக்கு வாய் திரும்பியது. வேலியருகே நின்று, போகிற பெண்களை மறித்தார். "மடியை அவுத்துக் காட்டிட்டுப் போங்க." அண்ணாச்சி நடந்து போய் அவர் முன்னால் நின்றார். "மாப்ளே, வீட்டுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். தீபாவளி முடிந்ததும் மச்சினர் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் போய்விட்டார். எங்கள் வாசல் பக்கம் பிறகு வரவில்லை.

குதிர் நின்றது. ஆனால் அதை மறுபடி நிரப்ப நான் ஒப்பவில்லை. தாமோதரனும் நானும் பேசி, உடைத்த துவாரங்களை அடைத்து, அதன் மேல்பாதியைப் பிரித்துக் கட்டினோம். எல்லாக் குதிருக்கும் பக்கவாட்டில் வடிகதவுகள் வைத்தோம். உள்சுவரில் இரும்பு ஏணி. அடிக்கதவுக்குப் பூட்டு; அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி; உள்ளே இறங்குகிறவன் அதைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். அவன் வெளியே வராமல் கதவு திறக்காது. அதன்பிறகு இன்னும் நான்கு குதிர் எழும்பியது. எல்லாம் அந்த ஒழுங்கில்தான்.

மாடசாமி பல வாரம் படுத்திருந்தான். வாளிகளை மறுபடி ஓட்டத் தொடங்கிய சமயம், பிரித்துக் கட்டிய மூன்றாம் குதிரை உள்ளே இறங்கிக் கூட்டித் துடைக்க ஆள் தேவைப்பட்டது. ஒருத்தரும் முன்வரவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. நானே இறங்குவதாக இருந்தேன். அன்று காலை மாடசாமி வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது.

"நான் எறங்குதேன்" என்றான்.

"ஏலே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? வேற வேலை தாரேன்."

"அதுக்கில்லைய்யா. கண்ணை மூடினா இன்னும் உள்ளயேதான் இருக்கேன். நானா எறங்கி, நானா ஏறி வந்துட்டேன்னா விட்டுரும்னு நெனைக்கேன்."

பேச்சியைப் பார்த்தேன். சாக்குக் கொட்டகையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

சாவியை அவன் வேட்டியில் முடிந்தேன். இடுப்பில் கயிறு கட்டினேன். முடிச்சைத் தாமோதரன் ஒரு தரம் பார்த்தார், நான் ஒரு தரம் பார்த்தேன். மறுமுனையை உத்தரத்தில் முடிந்துவிட்டு, நடுவில் நானும் பிடித்துக்கொண்டேன். அவன் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினான். அடித்தளத்தில் கால் வைத்ததும் நின்றான். ரொம்ப நேரம் அசையவில்லை. கூப்பிடலாமா என்று தாமோதரனைப் பார்த்தேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பிறகு விளக்குமாறு தரையில் உரசும் சத்தம் கேட்டது. சுவரோரமாகச் சுற்றிச் சுற்றிக் கூட்டினான். அவசரப்படவே இல்லை. சுவரில் ஓரிடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். நான் உடைத்து, திரும்ப அடைத்த இடம்.

ஏறி வந்தான். துவாரத்தைத் தாண்டி, மேல்தளத்தில் வெயிலில் வந்து நின்றான். சாவியை அவிழ்த்து நீட்டினான். நான் வாங்கவில்லை.

"ஓவர்சியரய்யா, கயித்தை விடுங்க" என்றான். "நான் வெளிய வந்துட்டேன்."

என் விரல்கள் பிரியவில்லை. மாடசாமிதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.